கலிஃபோர்னியாவில் அறிவியல் ஆசிரியராக: கம்யூனிட்டி காலேஜில் எங்கே தொடங்குவது?

பள்ளியில் உயிரியலோ வேதியியலோ கற்பிக்க இளங்கலைப் பட்டம் வேண்டும். அதன்மேல் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சியும் கிரெடென்ஷியல் எனப்படும் மாநில உரிமமும் வேண்டும். பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, மாநிலத்தின் இரு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளான யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) ஒன்றுக்கு மாறினால் செலவு வெகுவாகக் குறையும்.

ஊரிலேயே பி.எஸ்சி. முடித்தவரா? சேர்வதற்கு முன், மாநில ஆசிரியர் உரிம ஆணையம் ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் மதிப்பெண் சான்றுகளைக் கொடுத்து, உங்கள் பட்டம் இங்குள்ள இளங்கலைக்குச் சமமா என்று பாருங்கள். சமம் என்று வந்தால் உரிமப் படிப்புக்கே நேராக விண்ணப்பிக்கலாம்; காலேஜில் விடுபட்ட பாடங்களை மட்டும் எடுத்தால் போதும். இதைப் பார்க்காமல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கினால் வருடங்கள் வீணாகும்.

பாடத்தின் அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள். மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். முழுநேரம் என்பது 12 யூனிட், அதாவது பருவத்துக்கு 552 டாலர். மாநிலவாசி அல்லாதவருக்குப் பல காலேஜ்களில் யூனிட்டுக்கு 300 டாலருக்கும் மேல். மாநிலவாசியாகக் கருதப்பட, பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) இருப்பவர்களும் இந்தத் தகுதியைப் பெறலாம், எஃப்-1 மாணவர் விசாவில் முடியாது. ஹெச்-4காரர்கள் சிக்குவது ஆவணங்களில்தான்: வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் கணவர் அல்லது மனைவி பெயரில் மட்டும் இருக்கும். வந்த மாதமே உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள், கலிஃபோர்னியா ஓட்டுநர் உரிமமும் எடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பட்டம் எத்தனை வருடத்தில் முடியும் என்பதைத் தீர்மானிப்பது வேதியியல். உயிரியல் ஆசிரியராக விரும்புபவருக்கும் இதே கதைதான். அறிமுக வேதியியல், பொது வேதியியல் இரண்டு பருவம், கரிம வேதியியல் இரண்டு பருவம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். ஐந்து பருவம் ஆகிறது. இரண்டு ஆண்டில் இருப்பதோ நான்கு. பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்கள் மதிப்பெண் சான்றைக் காட்டி அறிமுகப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். சில காலேஜ்களில் அதற்குத் தனித் தேர்வு உண்டு. விலக்குக் கிடைக்காவிட்டால் அதைக் கோடைக்காலத்திலேயே முடித்துவிடுங்கள். வரலாறு, அரசியல் போன்ற பொதுப் பாடங்கள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், ஆன்லைனிலும் உண்டு. "முதலில் சுலபமானதை முடிப்போம்" என்று அவற்றில் ஒரு வருடம் செலவழிப்பதுதான் பலரும் செய்வது. பிறகு வேதியியல் வரிசை மூன்றாம் ஆண்டுக்கு நீளும்.

பொது வேதியியல் பெரும்பாலும் 5 யூனிட். வாரம் மூன்று மணி நேர வகுப்பு, ஆறு மணி நேர லேப். வீட்டில் படிப்பது தனி. ஆகவே முதல் பருவத்தில் வேதியியல், கணிதம், ஒரு பொதுப் பாடம் போதும். லேபுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கால் விரல் மூடிய ஷூ, முழுக்கால் சட்டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். துப்பட்டாவைக் கழற்றிவைக்கச் சொல்வார்கள். ஒரு வேதியியல் தொடரைப் பாதியில் விட்டுவிட்டு வேறு காலேஜில் தொடராதீர்கள். பாடப் பகுதிகளை ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு விதமாகப் பிரித்திருப்பார்கள்.

எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்க்கலாம். சேர விரும்பும் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் தேர்ந்து, பட்டியலை அச்சிட்டுக்கொண்டு காலேஜின் கவுன்சிலரை (படிப்பு ஆலோசகரை) பாருங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான திட்டமே கிடைக்கும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யு.சி.க்களில் இட உறுதித் திட்டம் உண்டு. அதற்கு செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் வகுப்புக்கே போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பாடம் கைமீறுகிறது என்று தெரிந்தால், பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு முடிவதற்குள் விலகுங்கள், பதிவேட்டில் ஏறாது. அதன்பின் விலகினால், விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' பதிவேட்டில் விழும். ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள்தான். டபிள்யூவும் அதில் ஒன்றாகக் கணக்கு.

ஆசிரியப் பணிக்கான அறிமுகப் பாடம் இருந்தால் இரண்டாம் பருவத்தில் எடுங்கள். பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்து கவனிப்பதும் அதில் அடங்கும். காசநோய்ப் பரிசோதனையும் பெரும்பாலும் கைரேகைப் பதிவும் கேட்பார்கள். வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் பருவம் தொடங்கும் முன்பே முடித்து வையுங்கள். வேலை அனுமதி இல்லாத ஹெச்-4காரர்கள் காலேஜில் சம்பளத்துக்கு டியூட்டராகச் சேரக் கூடாது.