பேங்கர்ஸ் அல்காரிதம் கோடு எழுதுறப்போ எங்க சொதப்பும்

ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராம்கள் (ப்ராசஸ்) ஒண்ணு வெச்சிருக்கிறதுக்காக இன்னொண்ணு காத்துக்கிட்டு எல்லாமே நின்னுடுறதுதான் டெட்லாக். அது வந்தப்புறம் ஏதாவது ஒரு ப்ராசஸை கொன்னு சரி பண்றது ஒரு வழி, வரவே விடாம பாத்துக்கிறது இன்னொரு வழி. ரெண்டாவதுக்கு டைக்ஸ்ட்ராங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1960கள்ல சொன்னதுதான் இந்த பேங்கர்ஸ் அல்காரிதம். கடன் குடுக்கிற ஒரு பேங்க்காரர், கையில காசு இருக்கேன்னு கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டா எல்லாரும் பாதி வேலையோட நிப்பாங்க, ஒருத்தரும் திருப்பித் தரமாட்டாங்க, அவ்ளோதான் ஐடியா.

முதல்ல நாலு அரே வேணும். மேக்ஸ், அதாவது ஒவ்வொரு ப்ராசஸும் அதிகபட்சம் எவ்ளோ கேக்கும்னு முன்னாடியே சொன்னது. அலொகேஷன், இப்ப அதுகிட்ட இருக்கிறது. நீட், மேக்ஸ்ல இருந்து அலொகேஷனை கழிச்சா வர்றது. அவெய்லபிள், யாருக்கும் குடுக்காம மிச்சம் கிடக்கிறது.

ஒரே வகை ரிசோர்ஸ் (மெமரி, பிரிண்டர் மாதிரி ப்ராசஸ் கேக்குற பொருள்), மொத்தம் 10னு வெச்சுக்கோங்க. ஏ-வோட மேக்ஸ் 8, கையில 3. பி-க்கு மேக்ஸ் 4, கையில 2. சி-க்கு மேக்ஸ் 7, கையில 2. மிச்சம் 3. பி-க்கு இன்னும் 2 போதும், அதை குடுத்து முடிய விட்டா மிச்சம் 5 ஆகும், அதுல ஏ முடியும், 8 ஆகும், அப்புறம் சி. இப்படி ஒரு வரிசை கிடைச்சாலே சேஃப்.

இப்ப ஏ வந்து 2 கேக்குது. 3 இருக்கே, குடுத்துடலாம்னு தோணும். குடுத்தா மிச்சம் 1, ஆனா ஏ-க்கு இன்னும் 3, பி-க்கு 2, சி-க்கு 5 வேணும், யாருமே முடிய வழியில்ல. அதனால ஏ காத்திருக்கணும். கவனிங்க, இது அன்சேஃப்தான், டெட்லாக் இல்ல. யாராவது நடுவுல திருப்பிக் குடுத்தா தப்பிச்சுடலாம், ஆனா அதை நம்பி குடுக்கமாட்டோம்.

சேஃப்டி செக் எழுதுறது ஈஸி. அவெய்லபிளை வொர்க்னு ஒரு காப்பி எடுங்க, ஃபினிஷ் அரே முழுக்க ஃபால்ஸ் போடுங்க. முடியாத ப்ராசஸ்ல எதோட நீட் வொர்க்குக்குள்ள அடங்குதோ அதோட அலொகேஷனை வொர்க்கோட கூட்டி ஃபினிஷை ட்ரூ ஆக்குங்க. ஒரு முழு ரவுண்டுல யாருமே முடியலன்னா நிறுத்துங்க, எல்லாம் ட்ரூன்னா சேஃப். நிறைய பேர் ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிட்டு விட்டுடுறாங்க, மேல இருக்கிற உதாரணத்துலயே அரே வரிசையில ஏ-க்கு அப்புறம்தான் பி வருது, அதனால முதல் ரவுண்டுல ஏ தவறிடும், திரும்ப சுத்தி வரணும்.

ரிக்வெஸ்ட் ஃபங்ஷன்லதான் நெஜமான சொதப்பல். கேட்டது நீட்டை விட அதிகமா இருந்தா எரர், மிச்சத்தை விட அதிகம்னா வெயிட். ரெண்டும் இல்லன்னா குடுத்த மாதிரி கணக்கை மாத்தி செக் ஓட்டணும், அன்சேஃப்னு வந்தா அவெய்லபிள், அலொகேஷன், நீட் மூணு அரேயையும் பழைய நிலைக்கு கொண்டு வரணும். நான் முதல் தடவ எழுதினப்போ நீட்டை மட்டும் திருப்ப மறந்துட்டேன், பத்து ரிக்வெஸ்ட் கழிச்சு கணக்கு கன்னாபின்னான்னு வந்துச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. இந்த ஃபங்ஷன் முழுசும் ஒரே மியூட்டெக்ஸுக்குள்ள (ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் உள்ள விடுற பூட்டு, அதாவது லாக்) இருக்கணும், இல்லன்னா ஒரே நேரத்துல ஓடுற ரெண்டு த்ரெட் ஒரே மிச்சத்தை பாத்து ரெண்டுமே ஓகே வாங்கிடும். ரிலீஸ் ஆனதும் வெயிட் பண்றவங்களை எழுப்பி மறுபடி செக் பண்ணவும் மறக்காதீங்க.

மேக்ஸை முன்னாடியே யாரும் சரியா சொல்லமாட்டாங்க, அதனால லினக்ஸ் மாதிரி பொதுவான ஓஎஸ்ல இதை பாக்கமுடியாது, அங்க லாக் எடுக்கிற வரிசையை கட்டாயப்படுத்துறதுதான் வழக்கம்.

எழுதி முடிச்சதும் மேல சொன்ன நம்பரையே போட்டு ஓட்டுங்க. ஏ 2 கேட்டா வெயிட் வரணும், அரே எதுவும் மாறியிருக்கக்கூடாது. உடனே ஏ 1 கேட்டா கிடைக்கணும்.