தலையாக்குவார் என்ற வசனமும் நாம் செய்யும் தவறுகளும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் மணி பன்னிரண்டைத் தாண்டியதும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரிசை வரிசையாக வரும். புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட அட்டையை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் எங்கள் சபையிலும் அப்படித்தான். போன முறை என் முன்னால் இருந்த தம்பி ஒருவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "உங்கள் பொறுமையினால்" என்று தொடங்கும் லூக்கா வசனம். "வேற குடுங்கண்ணா, மேலாவாய்னு ஒண்ணு இருக்குமே" என்று கேட்டு மாற்றிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷமாக ஞாயிறு பள்ளி எடுக்கிற நானும் அந்த வசனத்தைப் பாதி மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த வசனம், பழைய ஏற்பாட்டில் உபாகமம் 28:13. கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார், நீ கீழாகாமல் மேலாவாய். பைக்கிலும் கடைப் பலகையிலும் ஒட்டுவது இவ்வளவுதான். கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற பகுதி ஸ்டிக்கரில் ஏறுவதில்லை. அந்தக் கட்டளைகளில் ஒன்று நாலே அதிகாரம் முன்னால் இருக்கிறது: கூலிக்காரனுடைய கூலியை அவன் வேலை செய்த அன்றே, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாக இருக்கிறான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு ஜோடி கொலுசு முடிவதற்குள் எத்தனை கை மாறுகிறது! கம்பி இழுக்க ஒருவர், வளையம் கோக்க ஒருவர், பற்றவைக்க ஒருவர், மெருகு போட ஒருவர். பற்றவைக்கிற அக்காவின் விரல் நுனிகள் கறுத்து, ரேகையே தெரியாமல் இருந்தன. அவருக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. அவர் தலைக்கு மேல், கல்லா ஓரத்தில், அதே "தலையாக்குவார்" வசனம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. முதலாளி பக்தியில்லாதவர் இல்லை, உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் வருகிறவர். வாக்குத்தத்தத்தைத் தன் வளர்ச்சிக்கும், கட்டளையைப் பிரசங்கியாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். ஆசை பக்தியின் உடுப்பைப் போட்டுக்கொள்வது இப்படித்தான்.

இன்னொன்று, முடிவை எடுத்துவிட்டுப் பிறகு ஜெபிப்பது. இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அப்புறம் "தேவ சித்தம் நிறைவேற" ஜெபக் குறிப்பு. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் வியாபாரத் திட்டம் போடுவதைத் தடுக்கவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்பதை முதலில் சொல்லச் சொல்கிறது. சித்தமில்லை என்ற பதிலுக்கும் இடம் வைத்தால்தான் அது ஜெபம்.

காணிக்கையிலும் இது நுழையும். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒரு சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தேன். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து சபைக்காக ஏலம் விடுகிற நாள் அது. ஏலத்தில் ஒரு பலாப்பழம். இரண்டு பெரிய மனிதர்கள் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம். ஒவ்வொரு தொகைக்கும் கைதட்டல். அதற்குச் சற்று முன்னால், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கைப்பிடி மிளகு, ஒரே கேள்வியில் முடிந்துபோனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சபைக்குப் பணம் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது, நல்ல காரியத்துக்குப் போகும். ஆனால் பேர் சொல்லாமல் கொடுக்கச் சொன்னால் அந்த இரண்டாயிரம் வந்திருக்குமா? மின்விசிறி இறக்கையில் "உபயம்" எழுதும் முன்பும் இதையே கேட்டுப் பார்க்கலாம். பாபேல் கோபுரம் கட்டியவர்கள் நமக்குப் பேர் உண்டாகப் பண்ணுவோம் என்றார்கள். அடுத்த அதிகாரத்திலேயே கர்த்தர் ஆபிராமிடம் உன் பேரைப் பெருமைப்படுத்துவேன் என்கிறார். இரண்டிலும் இருப்பது பேர்தான், அதை உண்டாக்குகிறவர் வேறு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நேர் எதிர்த் தவற்றில் விழுகிறவர்களும் உண்டு. என்னை அதிகம் வருத்துவது இதுதான். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றாள். "டீச்சர், டாக்டர் ஆகணும்னு நெனைக்கறது பாவமுங்களா? உலகப் பெருமைன்னு வீட்டுல சொல்றாங்க." மாற்கு 10-ஐத் திறந்து அவளோடு உட்கார்ந்தேன். இயேசுவின் சீடர்களான யாக்கோபும் யோவானும் அவருடைய மகிமையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல். இயேசு அந்த ஆசையை அணைக்கவில்லை. உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால் பணிவிடைக்காரனாயிருக்கட்டும் என்று வழியை மாற்றிவிடுகிறார். ஐந்து அதிகாரம் கழித்து அவருடைய வலப்பக்கமும் இடப்பக்கமும் வருகிறது. அங்கே சிலுவையில் இருந்தவர்கள் இரண்டு கள்ளர்கள்.

அப்போஸ்தலனாகிய பவுலுக்கும் ஆசை இருந்தது. கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடத்தில் சுவிசேஷம் அறிவிக்க நாடினேன் என்று ரோமர் 15:20-இல் எழுதுகிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதின நிருபத்தில், அமைதலாயிருக்கவும் சொந்தக் கைகளால் வேலை செய்யவும் நாடுங்கள் என்கிறார். இரண்டு இடத்திலும் மூலத்தில் ஒரே கிரேக்க வினைச்சொல். கௌரவத்தை நேசிப்பது என்பது அதன் வேர். ஊர் ஊராகப் போவதற்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்து உழைப்பதற்கும் அவர் அதே சொல்லைத்தான் வைத்தார்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். "அப்போ டாக்டர் ஆனா எங்க வேலை செய்யறதுங்க டீச்சர்?" என்றாள். மலைமேல் இருக்கிற தன் பாட்டி ஊரில் பிரசவத்துக்குக் கீழே இறங்கவேண்டியிருக்கிறது என்று அவளே சொன்னாள். அன்றைக்கு நாங்கள் எழுதிய ஜெபக் குறிப்பில் மார்க்கும் இருந்தது, அந்த ஊரின் பேரும் இருந்தது.