அம்மன் மந்திரங்களில் வரும் பீஜ எழுத்துகளைப் பிரித்துப் பொருள் அறியும் முறை

சேலத்தில் ஆடி மாத விடியற்காலையில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தால், ஏதேனும் ஓர் ஒலிபெருக்கியிலிருந்து கந்த சஷ்டி கவசம் காதில் விழும். அதில் 'ஐயும் கிலியும் அடைவுடன் சௌவும்' என்ற அடி வரும்போது, நம்மில் பலர் பொருள் தெரியாமலே கூடச் சேர்ந்து சொல்லிக்கொண்டு போகிறோம். முருகனைப் பாடும் அந்த அடியில் இருப்பவை அம்மனின் சிறுமி வடிவமான பாலா திரிபுரசுந்தரியின் மூன்று பீஜங்கள். ஐம், க்லீம், ஸௌ: என்பவையே தமிழ் யாப்புக்கு இசைந்து ஐ, கிலி, சௌ என்று நிற்கின்றன.

பீஜத்துக்குப் பொருள் தேடுபவர் முதலில் அகராதியை மூடி வைக்க வேண்டும். பீஜம் என்றால் விதை. அது பெயர்ச்சொல்லும் அன்று, வினைச்சொல்லும் அன்று. ஆகவே 'ஹ்ரீம் என்றால் என்ன' என்று கேட்பதைவிட, 'ஹ்ரீமில் எந்தெந்த எழுத்துகள் உள்ளன, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது' என்று கேட்பதே வழி.

மந்திரம் முழுவதையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டு, பிரணவம், பீஜம், தேவியின் பெயர், முடிவுச் சொல் என்று கோடிட்டுப் பிரியுங்கள். 'ஓம் ஸ்ரீம் மஹாலக்ஷ்ம்யை நம:' என்பதில் ஓம் பிரணவம், ஸ்ரீம் பீஜம், மஹாலக்ஷ்ம்யை என்பது 'மகாலட்சுமிக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கும் பெயர், நம: வணக்கம். பெயரும் வணக்கமும் இலக்கணத்துக்குள் அடங்குவதால் அவற்றை மொழிபெயர்க்க முடியும். மொழிபெயர்க்க முடியாமல் எஞ்சுவதே பீஜம்.

சற்றே கடினமான எடுத்துக்காட்டு, ஒன்பதெழுத்து மந்திரமாகிய நவாக்ஷரி. 'ஓம் ஐம் ஹ்ரீம் க்லீம் சாமுண்டாயை விச்சே' என்பதில் ஓம் நீங்கலாக ஐம், ஹ்ரீம், க்லீம், சா, மு, ண்டா, யை, வி, ச்சே என்று எண்ணினால் 9 வரும். ஐம் மகாசரஸ்வதிக்கும், ஹ்ரீம் மகாலட்சுமிக்கும், க்லீம் மகாகாளிக்கும் உரியவை. இங்கே மகாலட்சுமி என்பது தாமரையில் அமர்ந்து பொன் சொரியும் வடிவத்தை அன்று, மகிஷனை அழித்த 18 கைகள் கொண்ட வடிவத்தைக் குறிக்கும். சேலம் உடையாப்பட்டிக் கந்தாசிரமத்தில் முருகனுக்கு எதிரே நிற்கும் அஷ்டாதசபுஜ மகாலட்சுமி துர்க்கையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹ்ரீமைப் பொறுமையாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிதில் வசப்படும். அதில் ஹ், ர், ஈ, முடிவில் ஒலிக்கும் நாதம், புள்ளியாகிய பிந்து என ஐந்து கூறுகள் உள்ளன. தந்திர நூல் வழக்கில் ஹ சிவத்தையும், ர பிரகிருதி என்னும் மூல இயற்கையையும், ஈ மகாமாயையையும் குறிக்கும். நாதம் உலகத்தாய், பிந்து துன்பத்தைப் போக்குவது. தேவி அதர்வசீர்ஷம் என்னும் உபநிடதம் இதே பீஜத்தை வெளிப்படையாகச் சொல்லாமல், ஆகாயத்தோடு ஈகாரம் சேர்ந்து, நெருப்போடு கூடி, பிறை சூடியது என்று விடுகதை போலச் சொல்கிறது. ஆகாயம் ஹ, நெருப்பு ர, பிறை மேலே இடும் குறி. ஒன்று தத்துவ வழியிலும் மற்றது ஐம்பூதங்களின் வழியிலும் செல்வதால் இவ்விரண்டு விளக்கங்களும் மோதிக்கொள்வதில்லை. எந்த வழியில் படிக்கிறோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இனி முதல் மெய்யை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஹகரம் இருந்த இடத்தில் ககரம் வந்தால் க்ரீம், அது காளிக்கு உரியது. சகரம் வந்தால் ஸ்ரீம், திருமகளுக்கு உரியது. க்ரீமில் ரகரம் லகரமானால் க்லீம் என்ற காம பீஜம் ஆகிவிடும். ஐம் வாக்கைத் தரும் வாக்பவ பீஜம்.

தமிழ் எழுத்தில் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் உச்சரிப்பு. நம் ககரமும் தகரமும் நான்கு வடமொழி ஒலிகளுக்குப் பொதுவானவை என்பதால்தான் சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் அருகே 2, 3, 4 என்று சிறிய எண் இடுகிறார்கள்; அந்த எண் அடிக்குறிப்பு அன்று, ஒலிக்குறிப்பு. 'ஹ்ரீம் தும் துர்காயை நம:' என்பதில் உள்ள தும் என்பதைத் தும்பையின் முதலெழுத்தைப் போல நான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். துர்க்கையின் பெயரில் வரும் மெல்லிய தகரமே அங்கும் வர வேண்டும். அது அவள் பெயரின் முதலெழுத்திலிருந்து பிறந்த பீஜம் அல்லவா. க்லீமில் வருவதோ 'கல்' என்பதில் உள்ள வல்லெழுத்து. ஹ்ரீமை 'ஹிரீம்' என்று இரண்டு அசையாக்குவதும் தவறு. கவசத்தின் 'கிலி' பாட்டுக்குப் பொருந்தும், ஜபத்துக்குப் பொருந்தாது. ஸௌ: என்பதன் முடிவில் உள்ள இரட்டைப் புள்ளியையும் பலர் நிறுத்தற்குறி என்று கருதி விட்டுவிடுகிறார்கள், அது மூச்சு இலேசாக வெளியேறும் விசர்க்கம்.

பொருள் அறிவது வேறு, ஜபம் செய்வது வேறு. இந்த பீஜத்தை இத்தனை முறை சொன்னால் கடன் தீரும் என்று விலைப்பட்டியல் போலப் பரப்பப்படுபவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. லலிதாம்பிகைக்கு உரிய, 15 எழுத்துகள் கொண்ட பஞ்சதசி மந்திரத்தைக் குருவிடம் தீட்சை பெற்றே ஜபிப்பது மரபு. ஆனால் அதன் எழுத்துகளைப் படித்து அறிய லலிதா திரிசதி இருக்கிறது: எழுத்துக்கு 20 பெயர்களாக 300 பெயர்கள், ஒவ்வொரு பெயரும் தனக்குரிய எழுத்திலேயே தொடங்கும். பஞ்சதசியில் ஹ்ரீம் மூன்று முறை வருவதால் 60 பெயர்கள் ஹ்ரீமுக்கே உரியவை. ஒரு நோட்டில் அந்த 60 பெயர்களையும் தனியே எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதிப் பாருங்கள். 'ஹ்ரீங்காரரூபா' என்ற பெயர் அவளே அந்த எழுத்து என்கிறது. 'ஹ்ரீங்காரநிலயா' அதை அவள் குடியிருக்கும் வீடாக்குகிறது. இரண்டாவது இருபதில் வரும் 'ஹ்ரீங்காரபஞ்ஜரசுகீ' அந்த எழுத்தைக் கூண்டாகவும் அவளை அதனுள் இருக்கும் கிளியாகவும் காட்டுகிறது. சுகம் என்றால் கிளி என்பதைச் சுகவனேசுவரர் கோயில் இருக்கும் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.