பக்கவாதத்துக்குப் பின்: பயிற்சியும் உரிமையும்

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும் முன்பே, இயன்முறைப் பயிற்சியை (பிசியோதெரபி) எங்கே, வாரத்துக்கு எத்தனை நாள் தொடர வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தளர்ந்த கையால் சட்டைப் பொத்தானைப் போட அவர் பத்து நிமிடம் தடுமாறினாலும், மனம் பொறுக்காமல் நீங்களே போட்டுவிடாதீர்கள், அந்த விரல்களுக்கு அதுவும் பயிற்சியே.

ஆறு மாதம் கழித்தும் குறைபாடு நீடித்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, மருத்துவ மதிப்பீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். பல சலுகைகளுக்கு குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்பதே வரம்பு.

அரசுப் பணியில் இருப்பவர், பயந்துபோய் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடக் கூடாது என்பதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும், பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20இல் கூறுகிறது. அப்பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்குங்கள்.