அமெரிக்கப் பண்ணை மானியம்: நிலம் வாங்கும் முன் பார்க்க வேண்டிய காகிதம்

ஐயோவா, நெப்ராஸ்கா பக்கம் பண்ணை நிலம் வாங்கும் நம் ஆட்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. எல்லோரும் கேட்கிற கேள்வி, "அரசாங்கப் பணம் எப்போ வரும்?" வருமா என்று முதலில் பார்ப்போம்.

வருமானம் குறைந்தால் ஈடு தரும் ஏஆர்சி, விலை குறைந்தால் ஈடு தரும் பிஎல்சி ஆகிய இரண்டு மானியத் திட்டங்களும் இந்த வருஷம் வயலில் நிற்கிற பயிருக்குப் பணம் தருவதில்லை. அந்த நிலத்துக்குப் பழைய சாகுபடிக் கணக்கை வைத்து எழுதப்பட்ட 'பேஸ் ஏக்கரு'க்குத்தான் தருகின்றன. ஆகவே பத்திரத்துக்கு முன்னால், விற்பவரிடம் எஃப்எஸ்ஏ-156இஇசட் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் எஃப்எஸ்ஏ, அதாவது அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை, கொடுப்பது அது. மொத்த ஏக்கரை விட்டுவிட்டுக் கீழே பயிர்வாரியாக இருக்கும் பேஸ் ஏக்கரையும், பக்கத்திலுள்ள பிஎல்சி மகசூலையும் பாருங்கள். மக்காச்சோளத்தில் 100 பேஸ் ஏக்கர், மகசூல் ஏக்கருக்கு 150 புஷல் (அங்கே தானியம் அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். 2025 சட்டம் வைத்த அடிப்படை விலை புஷலுக்கு 4.10 டாலர்; கணக்குக்கு எடுக்கும் விலை சில ஆண்டுகளில் இதைவிடக் கூடலாம், இங்கே 4.10 என்றே வைப்போம். அந்த ஆண்டின் சராசரி சந்தை விலை 3.90 என்றால் குறைவது 20 சென்ட். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம் என்பதால் 85 ஏக்கருக்குத்தான் கணக்கு, ஆக 2,550 டாலர் வாக்கில். இவ்வளவுதானா என்று முகம் சுருங்கும், சுருங்கட்டும். பேஸ் பூஜ்ஜியமாக இருந்தால், நாடு முழுவதும் புதிதாக 3 கோடி பேஸ் ஏக்கர் வரை சேர்க்க அதே சட்டம் வழி செய்திருக்கிறது. அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

கவுண்டி அளவிலான ஏஆர்சியில் கவுண்டியின் சராசரி வருமானம் குறைந்தால் பணம். உங்கள் வயல் மட்டும் ஆலங்கட்டியில் போனால் அது கைகொடுக்காது, அதற்குப் பயிர்க் காப்பீடு தனி.

அடுத்து, குத்தகை. ரொக்கக் குத்தகைக்கு விட்டிருந்தால் மானியம் முழுவதும் உழுபவருக்கே. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்டால் விளைச்சலில் உங்கள் பங்கு எவ்வளவோ, மானியத்திலும் அவ்வளவு. ஒப்பந்தம் எழுதும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

நம் ஆட்கள் பலர் சறுக்குவது விசா விஷயத்தில். கிரீன் கார்டு இல்லாமல் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் நிலமும் முதலும் போட்டால் போதாது, தாமே கணிசமாக உடலுழைப்பும் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மானியம் இல்லை. அதைவிட முக்கியம், அவர் நிலம் வாங்கிய 90 நாளுக்குள், வெளிநாட்டவர் நிலம் வாங்கியதைத் தெரிவிக்கும் எஃப்எஸ்ஏ-153 படிவம் கொடுக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட இடமிருக்கிறது. மானியமே வேண்டாம் என்பவருக்கும் இது உண்டு.

சரி, தகுதி இருக்கிறது. அலுவலகத்துக்கு முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள். பத்திர நகல், குத்தகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும். சிசிசி-902 பண்ணையை யார் நடத்துகிறார் என்பதற்கு. சிசிசி-941 உங்கள் சராசரி வருமானத்துக்கு, வரம்பு 9 லட்சம் டாலர். ஏடி-1026 படிவத்தில் ஈரநிலத்தை வடித்துப் பயிர் செய்ய மாட்டேன் என்று உறுதி தருகிறீர்கள். கையெழுத்துப் போடுமுன் அலுவலகத்தில் இருக்கும் வான்படத்தில் உங்கள் வயலுக்குள் சிறிய வட்டமோ முக்கோணமோ சதுரமோ இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றும் என்ன என்று கேளுங்கள். வடிகால் குழாய் பதிக்கும் திட்டம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

வசந்தத்தில் விதைத்த பயிருக்கு ஜூலை 15க்குள் ஏக்கர் கணக்கு கொடுக்க வேண்டும். அதே வான்படத்தில் வயல் வயலாகப் பயிர், விதைத்த தேதி, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுவார்கள். குத்தகைக்காரர்தான் பெரும்பாலும் போவார். அவர் எழுதிய பங்கு ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்று நகல் வாங்கிச் சரிபாருங்கள்.

பணத்துக்கு அவசரப்பட முடியாது. மக்காச்சோளத்தின் விற்பனை ஆண்டு ஆகஸ்டில்தான் முடியும் என்பதால், 2025 பயிருக்கான தொகை 2026 அக்டோபர் தொடங்கிய பிறகே. அடுத்த ஜனவரியில், அரசு தந்த தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற வரித் தாள் வரும். வாரத்துக்கு விட்டுவிட்டுப் பண்ணை நிர்வாகத்தில் தலையிடாதவர் அதை வரிக்கணக்கில் 4835 படிவத்தில் காட்டுவார், சொந்தமாகச் சாகுபடி செய்பவர் ஷெட்யூல் எஃப்பில்.