கோழியும் வாத்தும் வரையக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

வாத்து என்றதும் 2 என்று எழுதி, அதற்குக் கண்ணும் அலகும் வைத்துக் கொடுப்பது பலருக்கும் பழகிய வழி. படம் சட்டென்று கிடைத்துவிடும். ஆனால் அதே குழந்தையிடம் குனிந்து இரை தேடும் வாத்தை வரையச் சொன்னால் கை நின்றுவிடும். அதனால் உடம்புக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு வட்டம் என்று தொடங்குங்கள். முட்டையைச் சாய்க்கலாம், நீட்டலாம். அது என்ன பறவை, என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்தச் சாய்வே சொல்லிவிடும். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இந்த முறை எளிதில் பிடிபடும்.

ஏ4 தாள், ஹெச்.பி. பென்சில், கிரேயான் போதும். ரப்பரைக் கடைசியில் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் அழிப்பதிலேயே நேரம் போய்விடும். வரையும் முன் ஒரு கோழியை, நேரிலோ கைபேசிக் காணொளியிலோ, ஐந்து நிமிடம் பார்க்க வையுங்கள். சும்மா பார்க்கச் சொல்லாமல் கேள்வி கேளுங்கள்: வால் மேலே நிற்கிறதா, கீழே தொங்குகிறதா? கால் உடம்பில் எந்த இடத்திலிருந்து இறங்குகிறது?

இனி பெட்டைக்கோழி. தாளைப் படுக்கை வாக்கில் வைத்து, அடியிலிருந்து 3 செ.மீ. மேலே தரைக்கோடு போடுங்கள். இதை விட்டால் உடம்பைப் பெரிதாக வரைந்துவிட்டு, காலுக்கு இடமில்லாமல் தவிப்பார்கள். தரைக்கு 4 செ.மீ. மேலே, சுமார் 9 செ.மீ. நீளமும் 6 செ.மீ. உயரமும் உள்ள முட்டையைக் கிடையாக வரைய வேண்டும். அகன்ற பக்கம் நெஞ்சு, குறுகிய பக்கம் வால். நெஞ்சுக்கு மேலே, சற்று முன்னால் தள்ளி, 2.5 செ.மீ. வட்டம் தலை. கழுத்துக்கு இரண்டு வளைகோடுகள்: ஒன்று தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு, மற்றது பிடரியிலிருந்து முதுகுக்கு. கீழே வர வர இரண்டும் விலக வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் நேராக இழுத்துவிடுவார்கள். தலை குச்சியில் செருகியதுபோல் ஆகிவிடும்.

அதிகம் தவறுவது காலில்தான், இங்கே அவசரப்படாதீர்கள். முட்டையின் நடுவிலிருந்து தரைக்கு நேராக ஒரு மெல்லிய கோடு இறக்குங்கள். பாதங்கள் அந்தக் கோட்டை ஒட்டியே ஊன்ற வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் கோழி மூக்குக்குப்புற விழப்போவதுபோல் இருக்கும். அடுத்த சிக்கல் மூட்டு. நம் முழங்கால் மடங்கும் திசையிலேயே கோழிக்கும் மடக்கிவிடுவார்கள். வெளியே தெரியும் அந்த மூட்டு முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. பிள்ளைகளைக் குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் நிற்கச் சொல்லுங்கள். கோழி எப்போதும் அப்படித்தான் நிற்கிறது. ஆகவே வெளியே தெரியும் கால், கணுக்கால் வரை பின்னோக்கி இறங்கும், அங்கிருந்து பாதம் வரை முன்னோக்கி இறங்கும். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று.

அலகில் மேல்பாதி சற்று நீளம், நுனி கீழே வளையும். கொண்டை, அலகு தலையோடு சேரும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. உச்சந்தலையில் தனியாக நிற்க வைத்தால் கிரீடமாகிவிடும். தாடி அலகுக்குக் கீழே தொங்கும். பக்கவாட்டில் பார்ப்பதால் ஒரு கண்தான். அதை வட்டமாகப் போட்டு, நடுவில் கருமணி வைத்து, அதில் ஒரு சிறு புள்ளியை வெள்ளையாக விட்டால் பார்வை வந்துவிடும். இறக்கை உடம்போடு ஒட்டியபடி, இன்னொரு சிறிய முட்டையாக.

இது கைக்கு வந்தபின் சாய்வை மாற்றுங்கள். நெஞ்சுப் பக்கத்தைத் தாழ்த்தி வாலை உயர்த்தினால் அது இரை கொத்தும் கோழி. அப்போதும் பாதங்கள் நடுக்கோட்டை விட்டு நகரக்கூடாது. நெஞ்சை நன்றாக நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, கழுத்தையும் காலையும் நீட்டினால் அசில் என்ற சண்டைச் சேவல். மற்ற சேவல்களுக்கு வால் இறகுகள் மேலெழுந்து அரிவாளாக வளையும். ஐந்தாறு கோடுகள் போதும், எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். காலின் பின்பக்கம் முள்ளை மறக்க வேண்டாம்.

வாத்துக்கு முட்டையை 11 செ.மீ. வரை நீட்டி, உயரத்தை 5 செ.மீ. ஆகக் குறையுங்கள். தரைக்கும் வயிற்றுக்கும் 2 செ.மீ. இடைவெளி போதும், கால் குட்டை. கொண்டையும் தாடியும் இல்லை. அலகு தட்டை, ஏறக்குறைய தலை அளவுக்கே நீளம். முன்விரல்கள் மூன்றுக்கும் நடுவே சவ்வு. பின்விரல் சிறியது, தனித்திருக்கும்.

குஞ்சுக்கு 5 செ.மீ. வட்டமும் 3.5 செ.மீ. வட்டமும் ஒட்டினாற்போல். சுற்றுக்கோடு வேண்டாம், மஞ்சள் கிரேயானால் வெளிநோக்கிக் குட்டிக் குட்டிக் கீற்றுகள் போட்டாலே மென்மை வந்துவிடும்.

வண்ணம் தீட்டும்போது கீற்றுகள் தலையிலிருந்து வால் நோக்கிப் போகட்டும், இறகு படிந்திருக்கும் திசை அது. ஒவ்வொரு இறகையும் வரைய விடாதீர்கள். படம் மீன் செதிலாகிவிடும். வெள்ளை வாத்து வெள்ளைத் தாளில் காணாமல் போகும். சுற்றிலும் பச்சையோ நீலமோ தீட்டி, வயிற்றடியில் மட்டும் இளஞ்சாம்பல் போடுங்கள். பிள்ளையின் தாளில் நீங்கள் கை வைத்துத் திருத்தாதீர்கள். பக்கத்தில் வேறு தாளில் வரைந்து காட்டுங்கள்.

கின்னிக்கோழியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இதற்குச் சார்ட் அட்டை வேண்டும், மெல்லிய தாள் ஈரத்தில் சுருண்டுவிடும். உடம்பு முழுக்க வெள்ளைக் கிரேயானால் அழுத்தமாகப் புள்ளிகள் வைத்து, அதன் மேல் நீர் கலந்த கறுப்பு வாட்டர்கலரைப் பூசுங்கள். மெழுகில் நீர் ஒட்டாததால் புள்ளிகள் வெள்ளையாகவே நிற்கும். புள்ளிகள் மறைந்துபோனால் ஒன்று கிரேயானை அழுத்தியது போதவில்லை, அல்லது வண்ணம் கெட்டியாக இருந்திருக்கிறது. நன்றாகக் காய்ந்தபின் கண்ணையும் அலகையும் போடலாம்.