படமுத்திரை கலையாமல் கிடைக்க: என் அனுபவம்

வெளிமான், பூநாரை பொறித்த படமுத்திரைகளை (அஞ்சலகத்தில் தபால்தலைமேல் பதிக்கும், படம் உள்ள முத்திரை) சேர்ப்பவர்களுக்கு டெல்டாவின் அடைமழைதான் சோதனை. முத்திரை பதிப்பதற்காக அஞ்சலகத்துக்கு அனுப்பி, ஐப்பசி, கார்த்திகையில் திருவாரூருக்குத் திரும்பி வந்த அட்டைகளில் மானின் கொம்பு வெறும் மைத்தீற்றலாக இருந்தது. ஈரக்காற்றில் மை காயவில்லை. பளபளப்பான அட்டை அதை உறிஞ்சவும் இல்லை.

முதலில் அட்டையை மாற்றினேன். பூச்சில்லாத, சற்றே சொரசொரப்பான டிராயிங் அட்டை. தபால்தலை வெளிர் நிறமாக இருக்க வேண்டும். கருத்த தபால்தலையில் மான் தெரியாது. முத்திரை விழவேண்டிய இடத்தில் பென்சிலால் மெல்லிய வட்டம். கூடவே போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கடிதம்: "ஐயா, தயவுசெய்து கையால் பதித்து, மை காய்ந்தபின் அனுப்புங்கள்." மேலே வைக்க பட்டர் பேப்பர், திரும்பி வர தபால்தலை ஒட்டிய உறை. வழியில் விழும் மற்ற முத்திரைகள் உறையோடு நின்றுவிடும். பலனளித்தது இதுதான்.

நேரில் போனால் அட்டைக்கு அடியில் பழைய வார இதழை வைக்கச் சொல்வேன். விளிம்புவரை பதியும்.

கோடியக்கரை 1967-இல் வெளிமானுக்காகவே சரணாலயமானது. கிடாவின் அந்தக் கொம்புத் திருகு தெளிவாக விழாத அட்டை எனக்கு வேண்டாம். அதனால் இப்போது தை, மாசியில்தான் அனுப்புகிறேன். ஆல்பத்தில் பிவிசி உறை கூடாது, நாளடைவில் மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது.